தவமணியின் போனில் இடம் இல்லை

தவமணியின் போனில் இடம் இல்லாமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன என்பதும், அது இடமில்லை இடமில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது என்பதும், அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதும் அண்ணாமலையார் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அதனால் ஆவணி மாதத்தில் ஒரு காலை அந்தப் போனுக்குள்ளிருந்து ஒரு ரோஜாப்பூ நழுவி அடுப்படி மேடையில் விழுந்தபோது யாரும் ஆடிப்போய்விடவில்லை. எத்தனை நாளைக்குத்தான் அதுவும் தாங்கும் என்றுதான் சொன்னார்கள்.

தவமணி ரவிக்கை தைப்பவள். வத்தலகுண்டில் அவள் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொள்ளாமல் கல்யாண மேடை ஏறிய பெண்கள் குறைவு என்றாலும், அவளுடைய தையல் மெஷின் கிடந்ததென்னவோ வீட்டு முன்னறையில், பிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, யாராவது பிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் அவள் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில்தான். வாடிக்கைக்காரப் பெண்கள் முன்கழுத்து, முதுகுக் கழுத்து, கை, கையில் தொங்கும் குஞ்சம் என்று தனித்தனிப் படங்களாக அனுப்புவார்கள், தைத்துக் கொடுத்து, கல்யாணம் முடிந்து, பிள்ளை பெற்று, அந்த ரவிக்கையைப் பிரித்துத் தைக்க அவர்கள் திரும்பி வந்த பிறகும் அந்தப் படங்களை அவள் அழிக்கமாட்டாள். சொந்தக்காரர்கள் அனுப்புவதையும் அழிக்கமாட்டாள். "ஒருத்தர் நம்மள நெனச்சு அனுப்புறாங்க. அத அழிக்கவான்னு கேக்குதே இந்த எழவெடுத்த போனு, அழிச்சா அவங்க மூஞ்சில தண்ணிய ஊத்துன மாதிரி இருக்காது?" என்பாள்.

அவள் புருஷன் சௌந்தரபாண்டி உசிலம்பட்டி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். கருகிப்போன கிணற்று மோட்டாரைப் பிரித்து, எரிந்த கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி மறுபடி ஓட விடுவதே தொழிலாக இருந்தவனுக்கு, எதையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சே பிடிக்காது. "பேசுதுல்ல? பேசுனா கேக்குதுல்ல? அப்புறம் எதுக்குப் புதுசு?" என்று கேட்பான். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜாபர், இதற்குமேல் இந்தப் போனில் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு புதுப் போனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அதன் விலை சௌந்தரபாண்டி ஒன்றரை மாதம் குனிந்து காயில் சுற்றிச் சம்பாதிப்பது. "ஒண்ணு அழிங்கக்கா, இல்ல மாத்துங்க, மூணாவது வழி கிடையாது" என்றான் ஜாபர். வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும், திருச்சியில் நர்சிங் படிக்கும் மகள் நிலவரசிக்கு ஹாஸ்டல் பணம் கட்ட வேண்டும், தீபாவளிக்கு மேல் பார்ப்போம் என்று சொன்ன சௌந்தரபாண்டி, அது எந்த வருஷத்துத் தீபாவளி என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது வழியைப் போனே கண்டுபிடித்தது. பெரியகுளத்தில் இருக்கும் தவமணியின் தாய்மாமா கோட்டைச்சாமி, கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, விடிந்ததும் விடியாததுமாகச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு காலை வணக்கப் படம் அனுப்பிவிட்டுத்தான் பல் விளக்குவார். அன்றைக்கு அவர் அனுப்பிய சிவப்பு ரோஜாவை வைக்கப் போனுக்குள் இடமில்லை, அதனால் அது வெளியே விழுந்தது, அவ்வளவுதான். பனித்துளியோடு, காம்போடு, இதழ்களின் மேல் 'இனிய காலை வணக்கம்' என்று வளைத்து எழுதிய தங்க எழுத்துகளோடு விழுந்தது. தவமணி எழுத்துகளைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள், போகவில்லை, சரி என்று தலையில் வைத்துக்கொண்டு மாவு அரைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஆவி பறக்க ஒரு கப் டீ வந்தது, அதற்கு மறுநாள் ஒரு கூடை மாம்பழம் வந்தது, அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, சாமி படம் அனுப்பினாரே மாமா, என்ன ஆகப்போகிறதோ என்று தெருவே வாசலில் நின்றபோது, சாமி வரவில்லை, சாமிக்கு முன்னால் எரிந்த குத்துவிளக்கும் தட்டிலிருந்த வாழைப்பழமும் மட்டும் வந்தன, எல்லோரும் மூச்சு விட்டார்கள், ஏனென்றால் சாமியே வந்திருந்தால் அந்த வீட்டில் எங்கே உட்கார வைப்பது என்பது ஒரு பெரிய கேள்வி. பக்கத்து வீட்டுச் சகாயராணிதான் டீயை முதலில் குடித்துப் பார்த்தவள். "சர்க்கரை கொஞ்சம் கம்மி, மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்று அவள் சான்று கொடுத்த பிறகு, காலையில் டம்ளரோடு வருவது தெருவில் பழக்கமாகிவிட்டது. ரோஜாக்களைச் சாக்கில் கட்டி நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். எழுத்துப் போட்ட பூ விலை போகாது என்று முதலில் முகம் சுளித்த வியாபாரிகள், காலை முகூர்த்தத்துக்கு இது தனி அழகு என்று பிறகு எடுத்துக்கொண்டார்கள். மாலை ரிசப்ஷனுக்குத்தான் ஆகாது என்று ஒதுக்கினார்கள். ஒருமுறை யானை குளிக்கும் வீடியோ ஒன்றை மாமா அனுப்பிவிட, யானை வந்து தெருக்குழாயடியில் நின்று, துதிக்கையால் நாலு முறை தண்ணீரை வாரி முதுகில் அடித்துக்கொண்டு, வீடியோ முடிந்த இடத்தில் தானும் முடிந்துபோனது. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை யானைக்கா விடுவது என்று ஒரு சண்டை நடந்தது, யானை அனுப்பக்கூடாது என்று மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

இதில் தலைகீழாக மாறியது கோட்டைச்சாமி மாமாவின் வாழ்க்கைதான். அத்தனை வருஷமாக அவர் அனுப்பிய எந்த வணக்கத்துக்கும் ஒருவரும் ஒரு பதில் வணக்கம் போட்டதில்லை. இப்போது முன்பின் தெரியாத பெண்கள் போன் செய்து, "மாமா, நாளைக்குத் தேங்கா இருக்கிற படமா பாத்து ஒண்ணு அனுப்புங்க, குருமா வைக்கணும்" என்றார்கள், "மாமா, போன வாரம் வந்த பசு இன்னும் பால் கொடுக்குது, நல்லா இருங்க" என்றார்கள். பஸ்ஸில் எல்லோரிடமும் டிக்கெட் டிக்கெட் என்று கேட்டே ஆயுளைக் கழித்தவரிடம் இப்போது எல்லோரும் கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்ல தேங்காயாக, முற்றின தேங்காயாக, குடுமி எடுக்காத தேங்காயாகத் தேடினார். "தாயி, நீ மட்டும் போன மாத்திராத" என்று தவமணியிடம் ஒருநாள் கெஞ்சுவது போலக் கேட்டார்.

அப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம், தவமணி ஒரு ரவிக்கைக்குக் கை வைக்கும் கைக்குழியை வெட்டிக்கொண்டிருந்தபோது, போன் யாரையும் கேட்காமல் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ள ஆரம்பித்தது. வந்து இறங்கியது ஏதோ பெரிய சுமை போலிருக்கிறது. புதிதாக வருவதை வெளியே தள்ளிப் பழகியிருந்த போன், இந்த முறை அதைத் தள்ள முடியாமல், உள்ளே அடியில் கிடந்ததில் மிகப் பழையது எதுவோ அதைத் தேடி எடுத்து வெளியே தள்ளியது. அது அந்தப் போனில் எடுத்த முதல் போட்டோ. பிரிட்ஜில் முழங்கை இடித்துக்கொண்டு வந்து நின்றது சௌந்தரபாண்டி.

கடைதிறப்பு நாளன்று எடுத்த போட்டோ என்பதால், கசங்காத மடிப்போடு நீல முழுக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம், ஒரு நரை இல்லாத மீசை, வலது கையில் பூசைக்கு வாங்கிய எலுமிச்சம்பழம், எல்லாம் அப்படியே இருந்தன. முன்னாலிருந்து எடுத்த படம் ஆனதால் அவனுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் ஜவுளிக்கடை வாசலில் நிறுத்தியிருக்கும் அட்டை ஆள் போல மெல்லிசாக இருந்தான்.

"தவமணி, இன்னும் கெளம்பலையா? பூசைக்கு நேரமாச்சுல்ல" என்றான்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள் தவமணி. "எங்க பூசைக்கு?"

"நல்லா கேட்ட போ. நம்ம கடைக்குத்தான். ஒரு ஷட்டர் எனக்கு, ஒரு ஷட்டர் உனக்கு. போர்டு எழுதுற ஆள்கிட்ட உன் பேரையும் சொல்லிட்டு வந்துட்டேன். மெஷின எப்ப எடுத்துட்டுப் போறது?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதை அவள் மறந்திருக்கவில்லை, தைத்து முடித்த துணியில் மிஞ்சிய துண்டை மடித்து எங்கோ வைப்பதுபோல வைத்திருந்தாள். கடைக்கு இரண்டு ஷட்டர் உண்டு. இரண்டாவது ஷட்டரில் அவள் தையற்கடை வைப்பதென்றுதான் பேச்சு. திறந்த புதிதில் யாரோ ஒரு விவசாயி கருகின மோட்டார் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனவர் வரவில்லை, அதை அந்தப் பக்கம் தூக்கி வைத்தான் சௌந்தரபாண்டி, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. செத்த மோட்டார்களால் அந்த அறை நிறைந்து, ஷட்டர் துருப்பிடித்துப் பூட்டிக்கொண்டது. ஒருநாளும் அவன் முடியாது என்று சொன்னதில்லை, அவளும் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

செய்தி பரவித் தெருவே வந்து பார்த்தது. சகாயராணி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணன் நல்லாத்தான் இருந்திருக்காரு" என்றாள். ரோஜா வந்த வீட்டில் ஆள் வருவதற்கு என்ன, வரவேண்டியதுதான் என்றார்கள். ஆளுக்கு ரேஷன் கார்டில் பேர் சேர்க்க முடியுமா, இவரைப் புது சௌந்தரபாண்டி என்பதா பழைய சௌந்தரபாண்டி என்பதா என்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. வயசில் சின்னவர், அதனால் புதுசு என்றார்கள் சிலர். முன்னாடி எடுத்த படம், அதனால் இவர்தான் பழசு, கடையில் இருப்பவர்தான் பிறகு வந்த மாடல் என்றார்கள் சிலர். நிலவரசி திருச்சியிலிருந்து பேசினாள். "ரெண்டு அப்பாவா? சரிம்மா, பீஸ் கட்டுறது எந்த அப்பா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு வந்த சௌந்தரபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தனக்கு முன்னால் நிற்கும் தன்னைப் பார்த்து, கிட்டே போய்ச் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "இந்தச் சட்டை எங்கன்னு எத்தன நாளாத் தேடுறேன்" என்றான்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றான் போட்டோவிலிருந்து வந்த போட்டோக்காரன். சௌந்தரபாண்டிக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது, ஆனால் தன் வீட்டில் தன்னையே வாங்க என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவனிடம் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்தான். இலை போட்டார்கள். போட்டோவில் எலுமிச்சம்பழம் பிடித்த கை பிடித்ததுதான், அதைக் கீழே வைக்கப் போட்டோக்காரனால் முடியவில்லை. இடது கையால் சாப்பிடவும் மனசு ஒப்பவில்லை. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்த தவமணி, சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து அவனுக்கு ஊட்ட ஆரம்பித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சௌந்தரபாண்டி தன் இலைச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் அவனுக்கு அப்படி ஊட்டியதில்லை.

அன்று சாயங்காலமே அவன் ஜாபர் கடைக்குப் போனான். ஜாபர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உள்ள இடம் இருந்தா அவரு உள்ள போயிருவாரு, இல்லாததுனாலதான வெளிய நிக்கிறாரு? புதுசு வாங்கி எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டா, அவரும் கூடவே மாறிப் போயிருவாருண்ணே" என்றான். சௌந்தரபாண்டி அந்த இடத்திலேயே, மயில்கழுத்து நிறத்துப் போனை யாருக்கும் விற்காமல் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, தெரிந்தவர்களிடம் கேட்டுப் பணத்துக்கும் ஏற்பாடு செய்துகொண்டு, வீட்டுக்கு ஓடினான்.

"தவமணி, கெளம்பு. புதுப் போன் வாங்கிருவோம்."

"எதுக்குங்க?" என்றாள் அவள், ஊசியில் நூல் கோர்த்தபடி.

"என்னடி எதுக்குங்கற? எத்தன நாளா நீதான கேட்ட?"

"கேட்டேன். இப்ப வேணாம். பேசுதுல்ல? பேசுனா கேக்குதுல்ல?"

ராத்திரி முழுக்க அவன் கெஞ்சினான். புதுப் போனில் படம் எவ்வளவு தெளிவாக விழும் என்றும், கழுத்து டிசைனில் இருக்கும் ஒவ்வொரு மணியையும் எண்ணலாம் என்றும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒன்றரை நாள் நிற்கும் என்றும், ஜாபர் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் ஒப்பித்தான். பழசு பழசுதான், அதற்கு ஒரு ஆயுசு உண்டு என்று, தன் வாயால் ஒருநாளும் சொல்லாத ஒன்றைக்கூடச் சொல்லிப் பார்த்தான். தவமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "வண்டிக்கு டயர் மாத்தணும்னு சொன்னீங்களே" என்றாள்.

போட்டோக்காரனோ மறுநாள் காலையிலேயே கடைக்குக் கிளம்பிவிட்டான். பின்பக்கம் இல்லாததால் யாருக்கும் முதுகு காட்டாமல், நண்டு போலப் பக்கவாட்டிலேயே தெருவில் நடந்துபோனான். துருப்பிடித்த ஷட்டரை மண்ணெண்ணெய் விட்டு இடது கையால் ஆட்டி ஆட்டித் திறந்தான், உள்ளே குவிந்து கிடந்த மோட்டார்களைப் பார்த்துத் திகைத்து நின்றான், பிறகு ஒவ்வொன்றாக, ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு, உருட்டி உருட்டி வெளியே கொண்டுவர ஆரம்பித்தான். சௌந்தரபாண்டி இந்தப் பக்கத்து ஷட்டரில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டே அதைக் கண்டுகொள்ளாதது போல இருந்தான். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் ஒரே ஆள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பதையும் இன்னொரு பக்கம் மோட்டார் உருட்டுவதையும் பார்த்துவிட்டு, "பாண்டிண்ணே, அந்தப் பக்கம் ரொம்பக் கஷ்டப்படுறீங்க, கொஞ்சம் எந்திரிச்சுப் போய் உங்களுக்கு ஒத்தாச பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து, கனமான ஒரு நீர்மூழ்கி மோட்டார் படியில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றபோது, வேறு வழியில்லாமல் சௌந்தரபாண்டி எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தான்.

"அண்ணே, இதெல்லாம் யாரு மோட்டாரு?" என்று கேட்டான் மற்றவன்.

"வராதவங்க மோட்டாரு. கெணறு வத்துச்சு, போட்டுட்டுப் போய்ட்டாங்க. தூக்கிப் போடுறதுக்கு மனசு வரல, நாளைக்கே மழ பேஞ்சா வந்து கேப்பாங்கல்ல."

"மழ பெஞ்சுச்சா?"

"பெஞ்சுச்சு."

"வந்தாங்களா?"

மோட்டாரை வெளியே இறக்கி வைத்துவிட்டு இருவரும் கட்டையில் உட்கார்ந்தார்கள்.

"சரிண்ணே. அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? இந்த மாதிரி, இடமில்லன்னு?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். மொத வருஷம் சொல்லல. ரெண்டாவது வருஷம், இப்பப் போய் எப்படிச் சொல்றதுன்னு ஆயிருச்சு. அதுக்கப்புறம் அவளும் கேக்கல. கேக்காம இருக்கிறவகிட்ட எதச் சொல்றது தம்பி?"

போட்டோக்காரன் அவனுடைய நரைத்த மீசையையும், கம்பி கிழித்துத் தழும்பேறிய விரல்களையும் கொஞ்சநேரம் பார்த்தான். "அப்ப, நாந்தான் இப்படி ஆகப்போறேனா?"

"ஆமா."

"ரொம்ப மோசமில்ல" என்றான் அவன் யோசித்து. "மோட்டார மட்டும் சேக்காம இருந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே உருட்டினார்கள். பழைய இரும்புக்காரன் வண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போனான், அறையின் தரை தெரிந்தது, தரைக்குச் சிவப்புச் சிமெண்ட் பூசியிருந்தது சௌந்தரபாண்டிக்கே மறந்துபோயிருந்தது.

இதற்கிடையில் போன் மறுபடி தயாராகிக்கொண்டிருந்தது. இன்னொரு அப்டேட் வரப்போகிறது, இடம் வேண்டும் என்று அது அறிவித்தபோது, தெருக்காரர்கள் ஜாபரை அழைத்துவந்து அடுத்து வெளியே வரப்போவது எது என்று பார்க்கச் சொன்னார்கள். அடுத்த பழசு, சௌந்தரபாண்டியின் அக்கா பாக்கியம் தன் மகளுக்கு நடத்திய கல்யாணத்தின் மூன்று மணி நேர முழு வீடியோ. மண்டபம் நிறையக் கூட்டம், நாதஸ்வரம், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள், பந்திக்குக் காத்து நிற்பவர்கள், சம்பந்தியோடு கோபித்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள். தெரு கூடிப் பேசியது. ஒரு ஆள் வந்தது பரவாயில்லை, ஒரு மண்டபம் வந்தால் தண்ணீருக்கு எங்கே போவது, கக்கூஸுக்கு எங்கே போவது என்று பயந்தார்கள். பந்தி பாதியில் நிற்கும் கூட்டம், சாப்பிடாமல் ஒருவரும் நகரமாட்டார்கள் என்றார் ஒருவர். எல்லோரும் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தப் புதுப் போனை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். அப்படியானால் டீ நின்றுவிடுமே என்றார்கள் சிலர். கோட்டைச்சாமி மாமா பெரியகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஓர் ஓரமாக, தீர்ப்புக்கு வந்தவர் போல, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தவமணி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு போனை வாங்கி, பாக்கியத்து மகள் கல்யாண வீடியோவைத் தேடி எடுத்து, விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் ஒரு படத்தைக்கூட அழிக்காதவள். அந்த வீடியோவில் அவளும் எங்கோ இருந்தாள், பந்தி பரிமாறும் இடத்தில், சாம்பார் வாளியோடு, ஒரு நொடி. மற்றபடி அவள் அதை மாலை மாற்றும் இடத்துக்கு மேல் பார்த்ததில்லை.

"அக்கா கேட்டா என்னடி சொல்றது?" என்றான் சௌந்தரபாண்டி, பயந்துபோய்.

"தவமணி அழிச்சுட்டான்னு சொல்லுங்க" என்றாள்.

ஆனால் உடனே அழிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே சார்ஜ் போடும் பிளக்குக்குப் பக்கத்தில், போனில் சார்ஜ் குறைந்தால் தானும் சோர்ந்துபோகும் வழக்கம் வந்திருந்த போட்டோக்காரன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முன்னால் உட்கார்ந்தாள்.

"இடம் வரப்போகுது. நீங்க போயிருவீங்க."

"தெரியும். கடை காலியாயிருச்சு. பாத்தியா?"

"பாத்தேன்."

"ஜன்னல் பக்கம் மெஷினப் போடு. வெளிச்சம் இடது பக்கத்துல இருந்து வரணும்னு நீ சொல்லுவல்ல."

அவள் அதைத் தான் எப்போது சொன்னோம் என்று யோசித்தாள். சொல்லியிருப்பாள். அந்த வருஷத்தில் அவள் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு உள்ள ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று கேட்டாள்.

"என்ன கஷ்டம்? எப்பப் பாத்தாலும் கடைதிறப்பு நாளு" என்றான் அவன். அவள் விரலை அழுத்தினாள். நாதஸ்வரம் எங்கோ அறுந்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அடுப்படிச் சுவர் வெறும் சுவராக இருந்தது. போனில் முதல் போட்டோ மறுபடி இருந்தது, ஒரு கல்யாணம் இருந்த இடம் அவன் ஒருவனுக்கே சரியாகப் போய், மறுபடியும் இடமில்லை என்று போன் சொன்னது. அப்டேட் என்ன ஆனது என்றால், இதற்குள் போய்க் குடியிருக்க முடியாது என்று அதுவே திரும்பிப் போய்விட்டது. தவமணி கொஞ்சநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "மாமா, நாளைக்கு நல்ல ரோஜாவா அனுப்புங்க, கடைக்கு மாலை கட்டணும்" என்றாள். கோட்டைச்சாமி மாமா குடையைக் கீழே போட்டுவிட்டார்.

புதுப் போனுக்கென்று சௌந்தரபாண்டி ஏற்பாடு செய்திருந்த பணத்தில் தவமணி, காலால் மிதித்துவந்த தன் மெஷினுக்கு ஒரு மோட்டாரும், துணி வெட்டுவதற்கு ஒரு நீள மேசையும், ஒரு குழல்விளக்கும் வாங்கினாள். போர்டு எழுதுகிறவர் பெரிய எழுத்தில் அவள் பெயரையும், அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் காயில் கட்டித் தரப்படும் என்பதையும் எழுதினார். திறந்த அன்றே மார்கழி முடிந்து வரும் தை முகூர்த்தங்களுக்கான துணி வந்து குவிந்தது. சகாயராணி பூசை முடித்த தேங்காயைப் பொறுக்கிக்கொண்டிருக்க, சௌந்தரபாண்டி வாசலில் நின்று, கழுத்தில் டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக மெஷினில் உட்கார்ந்திருந்த தவமணியை அந்தப் பழைய போனிலேயே ஒரு போட்டோ எடுத்தான். எடுத்த பிறகுதான் யோசித்தான்.

மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு தவமணி, கழுத்தில் டேப்பும் கையில் கத்தரிக்கோலுமாக வந்து நின்று, குவிந்து கிடந்த துணிகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாம் தை மாசத்துக்கா?"

"எல்லாம் தை மாசத்துக்குத்தான்" என்றாள் முதல் தவமணி.

"எப்ப முடிக்கிறது இத? சரி, வெட்டுறத நான் பாத்துக்கிறேன், கழுத்துப் பீஸ நீ எடு." கத்தரிக்கோலைக் கீழே வைக்கவேண்டிய தேவையே இல்லாதவளாக அவள் துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற சௌந்தரபாண்டியைப் பார்த்தார்கள். "நிக்கிறீங்களே, போய் ரெண்டு டீ சொல்லுங்க" என்றார்கள்.

அவன் ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனான். அங்கே ஜாபர், மயில்கழுத்து நிறத்துப் போனை இன்னும் யாருக்கும் விற்காமல் எடுத்துவைத்திருந்த ஜாபர், அவனைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"அண்ணே, இன்னைக்கு நல்ல நாளு. பில் போட்டுறவா?"

"போனு வேணாம் ஜாபரு" என்றான் சௌந்தரபாண்டி. திரும்பி எதிர்ச் சாரியில் திறந்திருந்த இரண்டு ஷட்டர்களையும் பார்த்தான். "இன்னொரு தையல் மெஷினு எங்க கெடைக்கும்? பழசா இருந்தாலும் பரவால்ல."